மவுஸுக்கு அடியில் நிச்சயதார்த்த வாட்ச்

நீ இருக்கும் அறைக்கும் நான் உட்கார்ந்து எழுதும் அடுப்படிக்கும் நடுவே பன்னிரண்டு அடிதான். அதைக் கடந்து வந்து சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீ "சரிம்மா" என்பாய். நாலு வருஷமாக எதைச் சொன்னாலும் அதுதான் பதில். சோறு போடவா, சரிம்மா. பெண் பார்க்கப் போவோமா, சரிம்மா. ஆவணியில் தேதி குறிக்கவா, சரிம்மா. அடக்கமான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். காதில் மாட்டியதைக் கழற்றாமலே என்னை வெளியே அனுப்பும் வழி அது என்பது இப்போதுதான் புரிகிறது. காகிதத்தை நீ அப்படி அனுப்ப முடியாது. மதியத் தட்டோடு உள்ளே வரும். படித்துவிட்டு, உனக்குச் சம்மதமென்றால், பெயர்களை எடுத்துவிட்டு எங்கள் ஆலைச் சங்கத்துப் பெண்களுக்கும் காட்டுவேன். அவர்கள் வீடுகளிலும் இப்படி மூடிய கதவுகள் இருக்கின்றன.

போன வெள்ளிக்கிழமை நீ சொன்னாயே, "சென்னை ஆபீசுக்கெல்லாம் போகலம்மா. கல்யாணம் முடியிற வரைக்கும் இந்த ரூம்லயே ஓட்டிடுறேன். பொண்ணு வீட்டுல ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்" என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. பஸ்ஸில் உன்னைக் கண்டுபிடித்த அன்றைக்குக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. அன்று உனக்கு என்ன ஆனது என்று தெரியாது. இன்று தெரியும். தெரிந்தே நீ திரும்பி உள்ளே போகிறேன் என்கிறாய், அதுவும் எங்களுக்காக.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். என் பங்கு எங்கே என்பது உனக்குத் தெரிய வேண்டும். கொரோனாவில் ஊரே அடைந்து கிடந்தபோது உனக்கு வேலை கிடைத்தது. பெங்களூர் கம்பெனி. கம்ப்யூட்டர் பார்சலில் வந்தது. இன்டர்வியூ இந்த அறையில், வேலை இந்த அறையில், சம்பளம் இந்த அறைக்கே. மில்லுக்கும் தறிக்கும் ஓடி ஓடி முட்டி தேய்ந்த எங்கள் தெருவில், வீட்டுக்குள் இருந்தபடியே சம்பாதிக்கும் முதல் ஆள் நீ. எனக்குத் தலை கால் புரியவில்லை. உனக்காக வீட்டையே ஊமையாக்கினேன். குக்கர் விசில் ஒன்பது மணிக்கு முன்பே அடங்கிவிடும். உன் அப்பா லோடு ஆட்டோவைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் செய்தார். திருவேங்கடத்திலிருந்து உன் சித்தப்பா வந்து வாசலில் நின்றபோது, "அவன் மீட்டிங்ல இருக்கான், பொறவு வா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர் போகும்போது, "கலெக்டரப் பாக்கக்கூட இம்புட்டு நேரம் ஆகாது மதினி" என்றார். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

நாயைக் கொடுத்தது எல்லாவற்றிலும் மோசம். நம் வெள்ளை நாய், கோழிக் குஞ்சுக்குக்கூட வழிவிடும் நாய், நீ மீட்டிங்கில் பேசும்போது மட்டும் குரைக்கும். நீ யாரிடமோ பயந்து பேசுகிறாய் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நீ ஒரு தடவை "அது குரைச்சதும் யாரோ சிரிச்சாங்கம்மா" என்று சொன்னாய். மறுநாளே அதைச் சேத்தூரில் ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் விட்டுவிட்டு வர உன் அப்பாவிடம் சொன்னேன். காலையிலும் சாயங்காலமும் உன்னை வெளியே இழுத்துப்போக இருந்த ஒரே ஜீவன் அது. அதற்குப் பிறகு நீ வாசல்படி இறங்க ஒரு காரணமும் இல்லாமல் போனது. போன மாதம் உன் அப்பா அதைத் திரும்பக் கேட்கப் போனார். அது வந்து அவர் காலை மோந்து பார்த்துவிட்டு, தோப்புக்குள் திரும்பி நடந்துவிட்டதாம். "அதுக்கு அங்க ஆள் இருக்கு" என்றார்.

என் பேண்டேஜ் துணி ஆலைக் கதை ஒன்று உனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் அதைக் கேட்டு நீ உருண்டு சிரித்தாய். அப்போது கக்கூஸுக்குப் போக எங்களுக்கு டோக்கன். தகரத்தில் வெட்டிய வட்டம். மேஸ்திரி மேசைக்கு மேலே ஆணியில் தொங்கும். முப்பது பெண்களுக்கு இரண்டே டோக்கன். எடுத்துக்கொண்டு போனால் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒருநாள் பதினொரு மணிக்கு எல்லாத் தறிகளையும் நிறுத்திவிட்டு, முப்பது பேரும் ஒன்றாக எழுந்து போய்க் கக்கூஸ் வாசலில் வரிசையில் நின்றோம். மேஸ்திரி ஓடி வந்தார். "ஏட்டி, ஒரே நேரத்துல எல்லாருக்குமா வரும்?" எனக்கு முன்னால் நின்ற மாரியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உமக்கு மாசத்துக்கு ஒருக்கத்தான் வருமோ அண்ணாச்சி" என்றாள். ஒரு வாரம் தறி ஓடவில்லை. எட்டாம் நாள் ஆணியைப் பிடுங்கினார்கள். என் வாழ்க்கையில் நான் ஜெயித்தது அந்த ஒன்றைத்தான்.

இப்போது வாட்ச் விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தம் முடிந்து மூன்று வாரம் இருக்கும். ஆலைக்கு நூல் வராததால் எங்களைப் பாதி நாளிலேயே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, கதவைத் தட்டாமல் உன் அறையைத் திறந்தேன். மேசையில் கனகா வீட்டார் உன் கையில் கட்டிவிட்ட வாட்ச் மல்லாந்து கிடந்தது. அதன் முகத்தின் மேல் மவுஸை வைத்திருந்தாய். நொடிமுள் ஓட ஓட, திரையில் அம்புக்குறி ஆள் இல்லாமலே துடித்துக்கொண்டிருந்தது. நீ தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாய். கண் திறந்திருந்தது. நான் எதை முதலில் பார்த்தேன் தெரியுமா? வாட்சை. பகல் பன்னிரண்டு மணிக்குத் தரையில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால், சம்பந்தி வீட்டு வாட்சைப் பார்த்தேன்.

"ஏலே, பொண்ணு வீட்டுல போட்ட வாட்ச இப்படியா வச்சிருக்க? அவிய பாத்தா என்ன நெனப்பாக?"

"எடுக்காதம்மா. எடுத்தா மஞ்சளாயிரும்."

"எது மஞ்சளாகும்?"

"எம் பேருக்குப் பக்கத்துல ஒரு பச்சை லைட்டு இருக்கும். அஞ்சு நிமிஷம் கை படலன்னா மஞ்சளாயிரும். மஞ்சளானா எங்க போனன்னு கேப்பாங்க."

"அப்ப வேல பாக்காமலா சம்பளம் வாங்குத?"

"வேலயெல்லாம் முடிச்சிட்டேம்மா. செத்த நேரம் படுத்துக்கிடுதேன்."

செத்த நேரம்தான் கேட்டாய். முப்பது வருஷம் தறியை விட்டு நகராமல் நின்றவள் நான், என் பிள்ளை ஏமாற்றுக்காரனாகிவிட்டான் என்று நினைத்தேன். வாட்சை எடுத்து முந்தானையில் துடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினேன். நீ எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து மவுஸின் மேல் கையை வைத்தாய். பிறகு அந்தக் கையை எடுக்கவே இல்லை. நான் வைத்த சோற்றை இடது கையில் கரண்டி பிடித்துத் தின்றாய். அதையும் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

அடுத்த மாதம் கனகா போன் செய்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்து வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கும் பெண். தினமும் வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். எடுத்ததும், "அத்த, அவுக வேலய விட்டுட்டாகளா?" என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "இல்லையேம்மா, வீட்டுல இருந்துதான் பாக்கான்" என்றேன். அதற்கு அவள் சொன்னாள். "மத்தியானம் ஆபீஸ் வேலையா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போறப்ப மூணு நாளா பாக்கேன் அத்த. பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்திருக்காக. மொத நாளு, என்னையப் பாக்கத்தான் வந்திருக்காகன்னு நெனச்சேன். இன்னைக்குக் கிட்டப் போயி நின்னேன். என்னைய நல்லாப் பாத்தாக. ஆனா தெரியல."

"என்னம்மா தெரியல?"

"நான் யாருன்னு தெரியல அத்த."

மறுநாள் ஆலைக்குப் போகாமல் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். நானும் உன் அப்பாவும் வீட்டை விட்டுக் கிளம்பியபின் பத்து மணிக்கு நீ வந்தாய். தோளில் கம்ப்யூட்டர் பை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாய். பின்பக்கம் நானும் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது உன்னைக் காட்டிக் கேட்டேன். "அந்தத் தம்பியா? ஒரு மாசமா நம்ம வண்டி ஆளுக்கா. அங்க போயி இறங்க மாட்டாரு. அப்படியே இருந்து திரும்பி வர டிக்கெட் கேப்பாரு. ஒரு நாளைக்கு நாலு நடை. நான்கூட அவரு ஏதோ கவர்மெண்டு செக்கிங்குன்னு பயந்து கெடந்தேன்" என்று சிரித்தார். நீ யார் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்கும் சேர்த்து என்னை மன்னித்துக்கொள்.

உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீ திடுக்கிடக்கூட இல்லை. மடியில் கம்ப்யூட்டர், காதில் கருவி, ஒரு விரல் மட்டும் ஓயாமல் தடவிக்கொண்டே இருந்தது. திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஒரு முகமும் இல்லை. "என்னலே இது?" என்றேன். "மனசு நல்லா இருக்க என்ன செய்யணும்னு கிளாஸ் எடுக்காங்கம்மா. கட்டாயம் கலந்துக்கிடணும். முடிஞ்சதும் சிரிச்ச மூஞ்சி ஒண்ண அமுக்கணும்." நீ அமுக்கினாய். நான் பார்த்தேன். திரையில் மஞ்சள் முகம் ஒன்று பல்லைக் காட்டியது. அதன் வெளிச்சம் விழுந்த உன் முகத்தில் எதுவுமே இல்லை. எனக்குத் தெரிந்த வசவு எல்லாம் நெஞ்சில் முட்டியது. யாரைத் திட்ட? மேஸ்திரிக்கு மீசையாவது இருந்தது, மேசையாவது இருந்தது. உன் மேனேஜரை நீ இந்த நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை என்று அந்தப் பஸ்ஸில்தான் சொன்னாய்.

"எதுக்குய்யா இந்த பஸ்ஸுல கெடக்க?" என்று கேட்டேன். "பக்கத்துல யாராவது வந்து உக்காருவாங்கம்மா" என்றாய். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். முந்தின நாள் ஒரு கீரைக்காரம்மா கூடையை உன் காலடியில் தள்ளிவிட்டு, "தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றாளாம். அன்று முழுக்க உன் முகத்தைப் பார்த்து ஒரு ஆள் பேசியது அது மட்டும்தான் என்றாய். நான் பேசவில்லையா? பேசினேன். கதவுக்கு வெளியே நின்று, சாப்பிட்டியா என்று. வீட்டில் ஏன் படுத்து எழக் கூடாது என்று கேட்டதற்கு நீ சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது. "வாட்ச் இருந்தப்போ படுத்தேம்மா. இப்ப பாத்ரூம் போறதா இருந்தாலும் இதத் தூக்கிட்டுத்தான் போகணும். இல்லன்னா மஞ்சளாயிரும்."

அப்போதுதான் அந்தத் தகர வட்டம் என் கண் முன்னால் வந்தது. முப்பது பெண்கள் ஒரு வாரச் சோற்றை விட்டுக்கொடுத்துப் பிடுங்கிய ஆணி, நான் கூட்டிப் பெருக்கும் வீட்டுக்குள், நான் பெற்ற இன்ஜினியர் பிள்ளையின் அறைக்குள் மறுபடி அடிக்கப்பட்டிருக்கிறது. அடித்தது கம்பெனி. ஆனால் நீ மூச்சு விட ஒரு வாட்சைக் கண்டுபிடித்து வைத்திருந்தாய். அதைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டியது நான். இந்த வீட்டில் மேஸ்திரி நான்தான். எங்களுக்காவது பக்கத்துத் தறியில் மாரியம்மாள் இருந்தாள். முப்பது பேராக நின்றதால் அந்த ஆளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கறுப்புக் கட்டத்துக்குள் ஒற்றை எழுத்தாக உட்கார்ந்திருப்பவன் யாருடன் போய் வரிசையில் நிற்பான்?

வீட்டிலிருந்து வேலை செய்வதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. மாரியம்மாள் மகள் கைக்குழந்தையோடு அப்படித்தான் வேலை பார்க்கிறாள். இல்லையென்றால் அவள் படித்த படிப்பு அடுப்பில் போயிருக்கும். அவளுடைய வேலையை முடித்துக் கொடுத்தால் போதும், யாரும் விளக்கைப் பார்ப்பதில்லை. அவள் சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கிறாள். ஆக, வீடு தப்பு செய்யவில்லை. ஆளை நம்பாத வேலையும், ஆளையே பார்க்காத குடும்பமும் ஒரே அறையில் சேர்ந்ததுதான் உன்னை இப்படி ஆக்கியது. கம்பெனிக்கு உன் விரல் அசைந்தால் போதும். எங்களுக்கு நீ கதவுக்குள் இருந்தால் போதும். பெண் வீட்டாருக்கும் அதுவே போதுமாக இருந்தது. ஜாதகத்தோடு "வீட்டோடு இருந்து சம்பாதிக்கும் மாப்பிள்ளை" என்று ஒரு வரி நாங்களே சேர்த்து எழுதிக் கொடுத்தோம். மாட்டுக்குச் சுழி பார்க்கிற மாதிரி.

மதுரைக்கு மனசு டாக்டரைப் பார்க்கப் போனபோது தெருவில் கண் டாக்டர் என்று சொன்னேன். அதுவும் பொய்தான். அந்த டாக்டரம்மா உன்னை முக்கால் மணி நேரம் உள்ளே வைத்துப் பேசினார். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "கடைசியா உங்க மகன் சிரிச்சு எப்ப பாத்தீங்க?" நான் யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மருந்து கொடுத்தார், வாரம் ஒருநாள் வரச் சொன்னார், மனுஷர்களோடு உட்கார்ந்து வேலை செய்ய வழி இருந்தால் தேடச் சொன்னார். நீயாகவே கம்பெனிக்கு எழுதினாய். சென்னை ஆபீஸில் ஒரு நாற்காலி இருக்கிறது, அடுத்த மாதம் வரலாம் என்று பதில் வந்தது. மூன்று வாரமாகக் கொஞ்சம் தூங்குகிறாய். போன புதன்கிழமை குழம்பில் உப்பு இல்லை என்றாய். சரிம்மா என்று சொல்லாமல் நீ குறை சொன்னதைக் கேட்டு நான் அடுப்படியில் நின்று அழுதேன். இந்த நேரத்தில்தான், கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று அந்த நாற்காலியை வேண்டாம் என்கிறாய்.

அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். திட்டுவதாக இருந்தால் திட்டு. சத்தமாகத் திட்டு. நேற்று ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அப்பாவும் சொந்தக்காரர் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போனது வத்திராயிருப்புக்கு. லோடு ஆட்டோவில்தான். காபி வந்தது. அதைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், டாக்டர், மாத்திரை, சென்னை, எதையும் மறைக்கவில்லை. கனகா அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டோட இருக்குற மாப்பிள்ளன்னுதான தங்கச்சி பேசுனது. இப்ப என்னமோ மனசு டாக்டருங்கீக, மெட்ராசுங்கீக."

"வீட்டோட இருந்ததுலதான்ணே இப்படி ஆச்சு."

"இத கல்யாணத்துக்குப் பொறவு பாத்துக்கிட்டிருக்கலாம்."

"பொறவு சொன்னா அதுக்குப் பேரு ஏமாத்து."

நான் வாட்சை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை. உள்ளேயிருந்து கனகா வந்தாள். "அப்பா, பஸ்ஸுல அவுகள மொதல்ல பாத்ததே நான்தான்" என்றாள். "தெரிஞ்சுமா எங்கிட்டச் சொல்லல?" "நீங்க மண்டபம் பாத்துக்கிட்டு இருந்தீக." அவர் முகம் சிவந்துவிட்டது. "மெட்ராசுல போயி நீ என்ன செய்வ?" "அங்கயும் கோர்ட்டு இருக்கு. அங்கயும் டைப் அடிக்க ஆள் வேணும்." உன் அப்பா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு பயந்துபோய்க் காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கனகா அப்பா இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நின்றுபோனாலும் போகலாம். நின்றால் நிற்கட்டும். உன்னை அடைத்து வைத்து எனக்கு ஒரு மருமகள் வர வேண்டாம்.

கிளம்பும்போது கனகாவிடம் நேராகவே கேட்டேன், உன் மனசில் என்ன இருக்கிறது என்று. "அத உங்ககிட்ட சொல்ல மாட்டேன் அத்த. அவுககிட்டத்தான் சொல்லுவேன். ஆனா மொதல்ல அவுக என்னையப் பாத்து, நான் யாருன்னு தெரிஞ்சு பேசணும்" என்றாள். சொல்லிவிட்டு அந்த வாட்சை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். ஆண்கள் வாட்ச், அவள் கையில் லொடலொடவென்று தொங்கியது. முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் அவள் போன் செய்தாள். இன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், வத்திராயிருப்பு பஸ் நிற்கும் இடத்தில் நிற்பாள். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போவதாக வீட்டில் சொல்லியிருக்கிறாள். உனக்கு அந்த நேரத்தில் மீட்டிங் இருக்கிறது, எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகாதே. மேசையிலேயே திறந்து வைத்துவிட்டு, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஐந்து மணி பஸ்ஸைப் பிடி. போகும்போது கதவைச் சாத்தாதே. நீ போனதும் நான் உள்ளே போய் உன் நாற்காலியில் உட்காருவேன். அந்தப் பச்சை விளக்கு மஞ்சளாவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மவுஸைத் தொட மாட்டேன்.